குன்றிமணி ஒன்று குறைந்த மாலை

இன்று காலை சங்குத் துண்டு ஒன்றைத் துளைத்துக்கொண்டிருந்தேன். துளையூசி சூடேறியதும் அந்த மணம் வந்தது. பல் துளைக்கும் அறையில் வருமே, அதே மணம். உன் முன்பல் ஓட்டையைச் சங்கால் அடைத்துத் தருகிறேன் என்று எத்தனை தரம் உன்னைக் கேலி செய்திருப்பேன். இன்று கேலி செய்ய ஆளில்லாமல் துளைத்து முடித்தேன்.

நாம் இரண்டு சிநேகிதிகளும் கோர்க்காத பொருள் இந்த மன்னார்த் தீவில் ஏது? சுறாவின் முள்ளந்தண்டு, பெருக்கமரத்து விதை, சிப்பி, சங்கு. பேசாலையில் மற்றப் பெண்கள் கருவாடு காயப்போட, நாம் எலும்பு காயப்போட்டோம். காகங்கள் வந்து பார்த்துவிட்டு ஏமாந்து போகும். நான் துளைப்பேன், நீ கோர்ப்பாய். கோர்த்த மாலையை ஒரு காலை முழுக்க உன் கழுத்தில் போட்டுக்கொண்டு வீட்டுவேலை செய்வாய். எங்கே முறுக்குகிறது, எங்கே குத்துகிறது என்று பார்த்த பிறகுதான் விற்கக் கொடுப்பாய்.

அன்று உன் கழுத்தில் கிடந்தது குன்றிமணி மாலை. இரண்டு சங்குமணிக்கு ஒரு சிவப்பு. என் சின்னவள் அப்போதுதான் நடக்கத் தொடங்கியிருந்தாள். நீ தூக்கி இடுப்பில் வைத்ததும் மாலையை வாயில் வைத்து இழுத்தாள். நூல் அறுந்து மணிகள் பாயெல்லாம் சிதறின. அவள் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினாய். ஒன்றுமில்லை. அவளை என்னிடம் தந்துவிட்டு, குந்தியிருந்து மணிகளைப் பொறுக்கிக் கோர்க்கத் தொடங்கினாய்.

"விடடி, பிறகு கோக்கலாம்."

"நீ பிள்ளையைப் பிடிச்சுக்கொண்டிரு."

"மாலை எங்கயும் ஓடாது. இவளைப் பார், ரெண்டு பல்லைக் காட்டிச் சிரிக்கிறாள். உன்னைவிட வடிவாய் இருக்கு."

நீ சிரிக்கவில்லை. இரண்டு சங்கு, ஒரு சிவப்பு என்று எண்ணியபடி அவசரமாகக் கோர்த்தாய். நூல் துளைக்குள் போக மறுத்தது. மாலைக்காக நீ கோர்க்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"நாலு சங்கு பக்கத்தில பக்கத்தில நிக்குது," என்றாய். "நடுவில நிக்கவேண்டிய சிவப்பைக் காணேல்ல."

பாயை உதறினோம். அவள் சட்டையை, உன் சேலை மடிப்பை, கதவிடுக்கை எல்லாம் பார்த்தோம்.

"கோழி கொத்தியிருக்கும்," என்றேன்.

"கோழி உள்ளுக்க வரேல்ல. முழுக்கொட்டை எண்டால் விழுங்கினபடி வெளியில போயிடும். இது ஓட்டை போட்டது. ஓட்டைக்குள்ளால நஞ்சு இறங்குமடி."

அந்த ஓட்டையைப் போட்டது என் கை. கோயில் பூசையில்கூட வாய் மூடாத நான், ஆட்டோவில் மன்னார் ஆஸ்பத்திரி வரும்வரை ஒரு சொல்லும் பேசவில்லை. பிள்ளை என்ன விழுங்கினாள் என்று டொக்டர் கேட்டார். முடிச்சிடாத மாலையை நீட்டி, சிவப்பில்லாத இடத்தைத் தொட்டுக் காட்டினாய். அவர் உடனே தாதியைக் கூப்பிட்டார்.

அன்று முழுக்கக் குடித்ததையெல்லாம் சத்தி எடுத்தாள். அதில் சிவப்பு இல்லை. மறுநாள் வயிற்றால் போனது. "கொண்டா இஞ்ச," என்று துணிகளை வாங்கிக்கொண்டு வார்டுக்குப் பின்னால் இருந்த குழாயடிக்குப் போனாய். ஒவ்வொரு துணியாக விரித்து வெறுங்கையால் தேடினாய். பெற்ற தாய் நான், முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன்.

"கிடைச்சிட்டுது," என்று மெல்லச் சொன்னாய். கிடைத்ததும் ஈரத்தரையிலேயே குந்திவிட்டாய்.

பிறகும் சில நாள் டொக்டர் எங்களை விடவில்லை. இனிப் பயமில்லை என்று அவர் சொன்னபோதுதான் என் வாய் திறந்தது.

"கழுவித் தா, கோத்து வித்திடுவம்."

"போடி விசரி," என்று சிரித்தாய். சிரித்தபடியே அழுதாய்.

அதற்குப் பிறகு நீ கழுத்தில் ஒன்றும் போடவில்லை. புது மாலைகளைக் கதவுக் கொளுக்கியில் தொங்கவிட்டுத்தான் பார்த்தாய். "மாலை கட்டுறவள் மொட்டைக் கழுத்தோட நிண்டால் ஆரடி வாங்குவினம்?" என்று நான் சீண்டினால், "என்ர கழுத்து பிள்ளையள் தொங்கிறதுக்கு," என்பாய்.

நீ கண்ணை மூடிய பிறகு நானும் ஒன்றும் போடுவதில்லை. மாலை வாங்க வருகிறவர்கள் ஏன் என்று கேட்டால் உன் பதிலையே சொல்கிறேன். பகிடி என்று நினைத்துச் சிரிக்கிறார்கள். சின்னவள் இப்போது என் உயரம். பள்ளிக்கூடத்தால் வந்ததும் பின்னாலிருந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்குகிறாள். கழுத்து நோகத்தான் செய்கிறது. இறங்கு என்று நான் சொல்வதில்லை.