சந்தனம் பூசிய ஏணி

சிராங்கூன் ரோடு, சிங்கப்பூர்.

தாயார் முத்தாயி அவர்களின் பாதம் தொட்டு மகன் சடையாண்டி எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

ஆயுத பூசைக்கு மறுநாள், சுண்ணாம்பு அடிக்க ஏறுமுன் ஏணியில் பூசியிருந்த சந்தனத்தைச் சுரண்டினேன். கங்காணி பாய்ந்தார்.

"சாமி குத்தம்டா! பேசாம ஏறு!"

"குத்தம் என்மேல வரட்டும். பாக்காம ஏறமாட்டேன்."

சந்தனத்துக்கு அடியில் மூங்கில் நீளமாகப் பிளந்திருந்தது. அப்போதும், "சாமி பாத்துக்கும்" என்றார்.

"அப்ப நீங்க ஏறுங்க" என்றேன். அவர் ஏறவில்லை. கவலைப்படாதீர்கள், மற்றவர்களும் ஏறவில்லை.

கப்பலேறி வருபவர் யாரிடமாவது நீங்கள் திரித்த கயிறு கொஞ்சம் கொடுத்தனுப்புங்கள், படிகளை இறுக்கிக் கட்ட. இங்கே கடையில் கிடைக்கும்தான். எனக்கு உங்கள் கை பட்டது வேண்டும்.

கங்காணி கூப்பிடுகிறார். புது ஏணி வந்திருக்கிறதாம், அதற்கும் சந்தனம் பூசிவிட்டாராம். சுரண்டப் போகிறேன்.