மலைக்கு ஐம்பது மூட்டை

இன்று காலை சாஃப்ட்வேர் விற்க வந்தவர், நம் அலுவலக வாசலில் கிடக்கும் சிமெண்ட் மூட்டையில் கால் இடித்துக்கொண்டார். பளபளப்பான ஷூவின் முனை உரிந்துவிட்டது. "இதை ஓரமா எடுத்து வைக்கக் கூடாதா சார்?" என்று நொண்டியபடி கேட்டார். அது சிமெண்ட் இல்லை, பாறை என்று நான் சொல்லவில்லை. மூன்று வருஷமாக அங்கேதான் கிடக்கிறது. நீ போட்டது. நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. இன்னும் அதை அகற்றச் சொல்லவில்லை. உன் மேலுள்ள பாசம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அந்த மூட்டையின் கதையில் என் பக்கத்தை நீ ஒருநாளும் முழுதாகக் கேட்டதில்லை. நாம் இருவரும் சேர்ந்து நடத்திய கட்டடக் கம்பெனிக்கு ஏழு இடங்களில் வேலை நடந்தது. எந்த சைட்டில் எவ்வளவு சிமெண்ட், எந்த லாரி எங்கே நிற்கிறது என்பதெல்லாம் உன் தலைக்குள் இருந்தது. நீ போன் எடுக்காவிட்டால் கம்பெனியே ஊமை. கணினியில் ஏற்றிவிடலாம் என்று நான் சொன்னது அதனால்தான். "ஏத்து மாப்ள. இஞ்சினியரு ஏத்துனா யாரு வேணாம்னுது?" என்றாய். நீ பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன். 'இஞ்சினியரு' என்று நீ சொல்லும்போதெல்லாம் எனக்கு யாரோ கிள்ளியது போலத்தான் இருக்கும்.

நான் தேர்ந்தெடுத்த சாஃப்ட்வேரில் ஒவ்வொரு சைட்டுக்கும் குறைந்தபட்ச இருப்பு என்று ஒரு கட்டம் இருந்தது. இருப்பு அதற்குக் கீழே இறங்கினால் ஆர்டர் தானாகப் போய்விடும். எல்லா இடத்துக்கும் ஐம்பது மூட்டை என்று அடித்தேன். நைனார்பாளையத்துக்கும் ஐம்பது, வெள்ளிமலைக்கும் ஐம்பது.

"மலைக்கு அவ்ளோ ஏத்தாத மாப்ள," என்றாய் நீ. "ஐப்பசில அங்க சொவுரே ஊறிக்கினு கெடக்கும். நாளிக்கு வேணும்னா இன்னிக்கு ஏத்துனா போதும்."

"மலைக்கு ஒரு சட்டம், கீழ ஒரு சட்டம்னா சாஃப்ட்வேர் எதுக்கு?" என்றேன்.

ஜீப் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். நான் சறுக்கப்போவது உனக்குத் தெரியும். தெரிந்தும் விட்டாய்.

ஐப்பசி முடிவதற்குள் பனியும் சாரலும் ஷெட்டுக்குள் இறங்கி, மூட்டைகளில் பாதிக்கு மேல் கல்லாகிவிட்டன. அதில் ஒன்றை ஜீப்பில் ஏற்றி வந்து, இரண்டு சூப்பர்வைசர்களும் டைப்பிங் பெண்ணும் பார்க்க வாசலில் உருட்டிவிட்டாய். "பாத்துக்கோங்க. இஞ்சினியரோட கம்ப்யூட்டரு போட்ட முட்ட." எல்லோரும் சிரித்தார்கள். டீ கொண்டுவந்தவர்கூடச் சிரித்தார். அன்று மாலையே அந்த சாஃப்ட்வேரை நிறுத்தினேன். அதற்குப் பிறகு நீ அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஆனால் மூட்டையை நகர்த்தவும் விடவில்லை.

போன கார்த்திகையில் ஒரு மதியம், சின்னசேலம் சைட்டில் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தவன் அப்படியே சாய்ந்துவிட்டாய். அடுத்த வாரமே எனக்குத் தெரிந்துவிட்டது, கம்பெனியும் உன்னோடு போய்விட்டதென்று. நைனார்பாளையத்துக்கு ஒரே கம்பி லோடு இரண்டு முறை போய் இறங்கியது. சென்டரிங் பலகைகள் எந்த ஊரில் இருக்கின்றன என்று யாருக்கும் தெரியவில்லை. உன் போனைத் திறந்து பார்த்தால் 'ஜல்லி', 'ஜல்லி புதுசு', 'டிராக்டர் தம்பி' என்று பெயர்கள். கருமாதிகூட முடியவில்லை, உன்னை வாய்விட்டுத் திட்டினேன். அதற்காக இப்போதும் வருத்தமில்லை. நான் கேட்டபோதே எழுதிக்கொடுத்திருந்தால் இந்த ஒரு வருஷத் தவிப்பு எனக்கு இல்லை.

ஆகவே மறுபடியும் சாஃப்ட்வேர். இரண்டு கம்பெனிகளைப் பார்த்தாகிவிட்டது; இன்று வந்தவர் மூன்றாவது. மறுபடியும் ஐப்பசி வேறு. வியாழக்கிழமை வெள்ளிமலையில் மாணவர் விடுதிக்கு ரூஃப் கான்கிரீட். தளம் போட ஆரம்பித்தால் நடுவில் நிறுத்த முடியாது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வேலையிலிருந்தே புதியதைத் தொடங்குவதாகத் திட்டம்.

விற்க வந்தவர் திரையில் வண்ண வண்ணமாகக் காட்டினார். "மினிமம் ஸ்டாக்கை எல்லா சைட்டுக்கும் ஹெட் ஆபீஸ்லேருந்தே செட் பண்ணிடலாம் சார்."

பெஞ்சில் ஏழுமலை உட்கார்ந்திருந்தான். மலை வேலைக்கெல்லாம் நீ வைத்த அதே மேஸ்திரிதான். "அங்க பனி எறங்குமா எறங்காதான்னு இங்க குந்திக்கினு இவுருக்கு இன்னா தெரியும் சார்? மிசினு மூட்டய அனுப்பிக்கினே இருக்கும், நான் கல்லு ஒடச்சிக்கினே இருக்கணுமா? மறுபடி அதே கூத்துன்னா வியாழக்கெயம நான் ஆளு எறக்க மாட்டேங்க."

"சைட் ஆளுங்க கையில குடுத்தா கன்ட்ரோல் போயிடும் சார்," என்றார் விற்க வந்தவர். மூன்று வருஷத்துக்கு முன் நான் பேசியதேதான். அவரை அந்த நொடியே எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

"மலைக்கு மட்டும் மேஸ்திரியே அளவை மாத்தலாமா? டவர் இல்லாதப்பவும்?" என்று கேட்டேன்.

"இப்படி யாரும் கேட்டதே இல்ல சார்."

அவரை அனுப்பிவிட்டேன். போன வாரம் பார்த்த இரண்டாவது கம்பெனியைக் கூப்பிட்டு, உங்களுடையதையே எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அதில் வண்ணப் படங்கள் இல்லை. ஆனால் சைட்டில் இருப்பவர் தன் போனிலேயே அளவை மாற்றலாம். டவர் கிடைக்கும்போது இங்கே வந்து சேரும். மதியம் ஏழுமலையின் போனில் அதை ஏற்றி, மலைக்கான கட்டத்தை அவனிடமே காட்டினேன். யோசிக்கவே இல்லை. பூஜ்யம் என்று போட்டான். அதை மாற்ற விரல் நீண்டுவிட்டது.

"இன்னா சார் மொறைக்கிறீங்க? புதங்கெயம காலைல நான் கேக்கிறத ஏத்துங்க, போதும்."

விரலை எடுத்துக்கொண்டேன். "ஏழுமலை, நான் தப்புப் பண்றேன்னு தெரிஞ்சா வாய மூடிக்கிட்டுப் போயிடாத. கத்து," என்றேன்.

"கத்துனா கோச்சிக்க மாட்டீங்களே?"

"கோச்சிக்குவேன். ஆனாலும் கத்து."

அவன் சிரித்துக்கொண்டே மலைக்குப் பஸ் ஏறப் போய்விட்டான். நான் இன்னும் ஓரிடத்தில் உட்கார முடியாமல் அலுவலகத்துக்குள்ளேயே நடந்துகொண்டிருக்கிறேன். 'கத்து' என்று உன்னிடம் சொல்ல எனக்கு முப்பது வருஷம் இருந்தது.