பெட்ரோல் மூடிக்கு மேல் அடித்த தகடு

மே 18, 2025, ஞாயிறு

வாங்கிவிட்டேன்! தகட்டோடு தகட்டைச் சேர்த்து ஆணி அடிக்கிற ரிவிட் கன்! ரத வீதி ஹார்டுவேர் கடை கிங்ஸ்லி அண்ணாச்சி, "யாருக்கும்மா? ஸார வரச் சொல்லுங்க, காட்டிக் குடுக்கேன்" என்றார். ஸார் ஸ்டேஷன்ல இருக்கார், அடிக்கப் போறது நான்தான் என்றேன். மனுஷன் இரண்டை எடுத்து என் முன்னால் வைத்தார். ஒற்றைக் கையால் அமுக்குகிற சின்னது ஒன்று, இரண்டு கையாலும் மடக்குகிற நீளக் கைப்பிடி ஒன்று. சின்னதை அமுக்கிப் பார்த்தேன், அசையவே இல்லை. நீளமானதை எடுத்துக்கொண்டேன்.

ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நின்றுகொண்டு புடவை விரித்துப் போட்டது போதும். எங்கள் எக்ஸெல் வண்டியில் பெட்டி கட்டி, சாரல் சீசனுக்குக் குற்றாலத்தில் பணியாரம் விற்கப் போகிறேன். என் வீட்டுக்காரர், அதாவது ஏட்டு மந்திரமூர்த்தி அவர்கள், ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். "ஒரு நாள் முழுக்க வித்துட்டு, ஒண்ணும் கழறாம வண்டி வீட்டுக்கு வந்துச்சுன்னா வேலைய விட்டுரு. கழண்டுச்சுன்னா ஆடித் தள்ளுபடிக்கு அதே கடைதான்." சரி என்று கையில் அடித்துக் கொடுத்தேன்.

மே 20

டக்! ஆகா, அந்தச் சத்தம்! ஓட்டை போட்டு, ரிவிட்டைச் சொருகி, கைப்பிடியை மடக்கினால் ஆணி வால் டக்கென்று ஒடிந்து விழுகிறது. இரண்டு தகடும் ஒன்றாகிவிடுகிறது. வாளிக்குக் கைப்பிடி அடித்தேன். தோசைத் திருப்பி ஆடிக்கொண்டிருந்தது, அதற்கு ஒன்று. அலமாரிக் கதவுக்கு நாலு. இவர் பெல்ட்டைத் தேடினேன், ஒளித்து வைத்துவிட்டார். "ஏட்டி வள்ளி, என்னையும் சேத்து செவுத்துல அடிச்சிராத!"

மே 23

கை வலி. கடையில் பட்டுப் புடவை மடிக்கும்போதும் வாய் டக் டக் என்கிறது. சூப்பர்வைசர் முறைக்கிறார்.

மே 25, ஞாயிறு

அழுகையா வருது. அடிச்சதெல்லாம் ஆடுது! நானும் பக்கத் தகடு பூரா இரும்புச் சட்டத்தோட சேத்து அடிச்சிட்டு, பெருமையா ஒரு தட்டு தட்டுதேன் — தட தடன்னு கிடக்கு. ரிவிட் நீளம் பத்தல. அந்தப் பக்கம் எட்டவே இல்ல, எட்டாட்டா எப்படிப் பிடிக்கும்? சட்டத்தையும் தகட்டையும் சேத்து அளந்து, அதுக்கு மேல கொஞ்சம் நீட்டிக்கிட்டு நிக்கணும்னு அண்ணாச்சி படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. கேட்டேனா?

சாயங்காலம்: ஸ்க்ரூ என்றால் கழற்றிவிடலாம். ரிவிட்டின் தலையை டிரில் போட்டுத்தான் எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் எடுத்தேன். நீள ரிவிட் வாங்கி வந்து மறுபடியும் முதலிலிருந்து. இவர் "போல்ட் போட்டுரேன்" என்றார். குற்றாலம் ரோட்டு அதிர்ச்சிக்கு நட்டெல்லாம் தளர்ந்துவிடும், போங்க அங்கிட்டு என்றேன்.

ஜூன் 1, ஞாயிறு

முடிந்தது! பின்னால் பெட்டி, முன்னால் சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவில் அடுப்பு மேடை. சுற்றிலும் பளபளவென்று அலுமினியத் தகடு. எட்டி ஒரு உதை விட்டேன். கிண்ணென்று நிற்கிறது. என் கால்தான் வீங்கியது.

ஜூன் 7

சாரல் விழுந்துவிட்டது. நாளைக்கு மாவு ரெடி, நான் ரெடி. தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

ஜூன் 8, ஞாயிறு

எங்கே ஆரம்பிக்க? சிரித்துச் சிரித்து வயிறு நோகிறது.

காலையில் பெட்ரோல் பங்க். வரிசையில் நின்று முன்னால் போனேன். "மூடியத் தொறங்கக்கா" என்றாள் பெட்ரோல் போடுகிற பெண். மூடி எங்கே? அடுப்பு மேடைக்கு அடியில்! அட மூதி, டாங்கு மேலேயே தகட்டை வைத்து, சுற்றிலும் ரிவிட் அடித்து முடித்திருக்கிறேன்! டிரில் வீட்டில் கிடக்கிறது, மாவு பொங்குகிறது. ரிசர்வில் ஓடும் என்று கிளம்பிவிட்டேன்.

மெயின் அருவிப் பக்கம் ஒரே கூட்டம். நனைந்து வந்தவர்கள் சூடாகப் பணியாரத்தை வாங்கி அள்ளி விழுங்கினார்கள். கடையநல்லூர் ஹைருன் பீவி என்று ஒரு அம்மா மட்டும் பணியாரத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு பெட்டியைத் தட்டித் தட்டிப் பார்த்தார். "இது எங்கன செஞ்சதும்மா? நானும் எக்ஸெல்லதான் சமோசா விக்கேன். கயிறு போட்டுக் கட்டி, கயிறு போட்டுக் கட்டி சீவன் போகுது." நான்தான் செய்தேன் என்றேன். நம்பவில்லை! கைக் காய்ப்பைக் காட்டினேன்.

திரும்பும்போது பாதி வழியில் வண்டி நின்றது. சொட்டுப் பெட்ரோல் இல்லை. சாரலில் தள்ளிக்கொண்டு வருகிறேன், டியூட்டி முடிந்து இவர் பைக்கில் வருகிறார். "என்னட்டி, கழண்டுட்டா?"

"எதுவும் கழறல. அதாங்க பிரச்சனையே!"

மூடியைக் காட்டினேன், அதாவது மூடி இல்லாததை. மனுஷன் பைக்கை விட்டு இறங்கி, சாலையோரம் உட்கார்ந்து, தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். அப்புறம் பைக்கை ஒரு கடையோரம் பூட்டிவிட்டு, யூனிஃபார்மோடு என் வண்டியை வீடு வரைக்கும் தள்ளினார். வாசலில் மூச்சிரைக்க, "ஜெயிச்சுட்டட்டி" என்றார்.

ஜூன் 9

மேடையைப் பிரித்து, நடுவில் கீல் வைத்துக் கதவு போட்டாயிற்று. சூப்பர்வைசரிடம் இனி வரமாட்டேன் என்று சொல்லியாயிற்று. சொன்ன கையோடு அங்கேயே உட்கார்ந்தேன். என்ன சுகம்!

ஜூன் 14

ஹைருன் பீவி வீட்டை விசாரித்து வண்டியோடு வந்து நிற்கிறார், அதே மாதிரி பெட்டி வேண்டுமாம்.

ஜூலை 6, ஞாயிறு

குற்றாலத்தில் சாரல் பிய்த்துக்கொண்டு அடிக்கிறதாம். வாசலில் பெட்டி கட்ட மூன்று வண்டி நிற்கிறது, ஒன்று புளியறையிலிருந்து. காத்திருக்கிறவர்களுக்கு ஏட்டய்யா டீ போட்டுக்கொண்டிருக்கிறார். இன்றைக்கும் மாவு ஆட்டவில்லை.