நாலு செட் கேள்வித்தாள்

ஜூலை 6

அடியே கடுகு,

நீயும் உன் அம்மாவும் உன் மகள் குட்டியும் சுகம்தானே? இல்லாவிட்டாலும் இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை சுகமாக இருந்துகொள். எனக்கு நிறையப் புலம்ப வேண்டியிருக்கிறது.

என்னடி இவள் கையால் எழுதுகிறாள் என்று சிரிக்காதே. ஆபீஸ் மெயிலை யாரோ படிக்கிறார்கள். போனில் பேசினால் மூன்று மேசை தள்ளி ஒரு தலை நிமிர்கிறது. வீட்டிலாவது சொல்லலாம் என்றால், வீட்டுக்காரர் "இன்னைக்கு யாரு மேல சந்தேகம்?" என்று கேட்டுவிட்டு டிவியைச் சத்தமாக வைக்கிறார்.

நீ கிளை வளாகத்துக்கு மாற்றலாகிப் போனதிலிருந்து துறையில் காற்றே சரியில்லை. புதுத் துறைத்தலைவருக்குப் பூனை என்று பெயர் வைத்திருக்கிறேன். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. போன மாதம் ஒரு சர்வே நடத்தினார். பணியிடச் சூழல் எப்படி இருக்கிறது, மனம் விட்டு எழுதுங்கள், பெயர் வேண்டாம் என்று. நானும் விட்டேன் மனத்தை. 'தலைவருக்குப் பிடித்தவர்களுக்குக் காலை வகுப்பு, மற்றவர்களுக்கு மதியம் தூங்குகிறவர்களை எழுப்பும் வேலை' என்று எழுதினேன்.

நேற்று வருடாந்திரப் பணி மதிப்பீடு வந்தது. எப்போதும் 'மிக நன்று' வாங்கும் எனக்கு 'திருப்தி'. கேட்கப் போனேன். பூனை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "மத்தியானம் தூங்குறவங்கள எழுப்புறது உங்களுக்குக் கஷ்டமா இருக்காமே மேடம்?" என்றார். இதே வாக்கியத்தை ஸ்டாஃப் ரூமில் சிரிப்புக்காக ஒரு தடவை சொல்லியிருந்தேன். யாரோ கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள்!

நான் சொன்ன நேரம் ஸ்டாஃப் ரூமில் மூன்று பேர். எதைக் கேட்டாலும் சராசரி சொல்லும் நம்ம 'சராசரி', தலைவர் தும்மினாலும் தலையாட்டும் 'ஆமாம்சாமி', சிரித்த முகத்தோடு புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண். அவளை நான் 'புதுசு' என்கிறேன். மூவரில் யார்? இந்தத் 'திருப்தி'யை வைத்துக்கொண்டு பேராசிரியர் பதவியைக் கனவில்கூடக் கேட்க முடியாது. கூட இருந்தே குழி பறிக்கிறார்கள் கடுகு. நீ பக்கத்து மேசையில் இருந்தால் இப்படி ஆகியிருக்குமா?

உன்,
நெட்டச்சி


ஜூலை 15

என் நெட்டச்சிக்கு,

உன் கடிதத்தைக் குட்டிக்கும் கொஞ்சம் வாசித்துக் காட்டினேன். "பெரியம்மா எழுதினா நல்லா சண்ட போடுற மாதிரியே இருக்கு" என்கிறாள். அம்மா உன்னை வேளாவேளைக்குச் சாப்பிடச் சொன்னாள்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். யாரும் கோள் மூட்டவில்லைடி. அந்தச் சர்வே எனக்கும் வந்தது; கிளைக்கும் பூனைதானே தலைவர். ஆணா பெண்ணா, எத்தனை வருட சர்வீஸ், என்ன பாடம் எடுக்கிறீர்கள் என்று மேலே மூன்று கட்டம் இருந்ததா இல்லையா? துறையில் இருப்பதே ஒன்பது பேர். மூன்று கட்டத்தையும் ஒழுங்காக நிரப்பிவிட்டுப் பெயர் எழுதவில்லை என்று நிம்மதியாக இருந்தாயாக்கும்! நாள் முழுக்கப் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிற நமக்கு இது தோன்றவில்லையே என்று நினைத்தால் சிரிப்பாக வருகிறது. நான் எல்லாக் கட்டத்தையும் காலியாக விட்டேன்.

என் சேதி ஒன்று. இங்கே ஒரு பேராசிரியர் இடம் காலியாக இருக்கிறது. நான் விண்ணப்பித்திருக்கிறேன். என்னை உயர்த்தி நிரப்பலாம், அல்லது அங்கிருந்து யாரையாவது கொண்டுவந்து நிரப்பலாம். எப்படியும் ஒரே இடம்தான். எனக்கே கிடைக்கும் போல இருக்கிறது. கிடைத்தால் வளாகத்துக்குள் கீழ்த்தளத்தில் வீடு தருவார்கள். மூன்று மாடி இறங்க முடியாமல் அம்மா வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறாள். வெயிலில் ஒரு நாற்காலி போட்டு அவளை உட்கார வைத்துப் பார்க்க வேண்டும் எனக்கு. நடக்கட்டும் என்று நினைத்துக்கொள்.

அன்புடன்,
கடுகு


ஆகஸ்ட் 2

கடுகு,

நீ சொன்னது கணக்குக்குச் சரி, மனசுக்குச் சரியாக இல்லை. நான் அறைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. சராசரி தன் டீயை வராந்தாவில் நின்று குடிக்கிறார். இரண்டு வாரமாக ஆமாம்சாமி என் வணக்கத்துக்கு ஆமாம்கூடச் சொல்லவில்லை. நேற்று புதுசு வந்து, "மேடம், விடைத்தாள் கட்ட நான் தூக்கிட்டு வரவா?" என்கிறாள். ஏன்? எதற்கு இந்தக் கரிசனம்? பாம்பென்று அடிக்கவும் முடியவில்லை, பழுதென்று தாண்டவும் முடியவில்லை. வகுப்பில்கூட வாயைத் திறக்கும்முன் கடைசி பெஞ்சை ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.

உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். நான் உன் கிளைக்கே வந்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். இங்கே மூச்சு முட்டுகிறது. இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை. நேரம் பார்த்துக் கொடுப்பேன். வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. நீ யாரிடமும் மூச்சு விடாதே.

நெட்டச்சி


ஆகஸ்ட் 11

நெட்டச்சி,

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அவ்வளவு தூரத்துக்கா போய்விட்டது? நான் சிரித்துக் கடிதம் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன், மன்னித்துவிடு.

நீ வா. இங்கே ஆக வேண்டியதை நான் பார்த்துக்கொள்கிறேன். என்ன, ஏது என்று கேட்காதே. அம்மாவிடம் சொன்னேன். ஜன்னல் வழியே கீழே முற்றத்தைப் பார்த்தாள். பிறகு, "அவ வந்தா சரிதான்" என்றாள்.

தூங்கப் பார்.

கடுகு


ஆகஸ்ட் 24

கடுகு,

இன்று பூனை கூப்பிட்டனுப்பினார். "கிளைக்குப் போகணும்னு ரொம்ப ஆசைப்படுறீங்களாமே மேடம்? சொல்லியிருக்கலாமே" என்றார். அந்தச் சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும். நேராக மேசைக்கு வந்து இதை எழுதுகிறேன்.

ஏன் என்று சொல்கிறேன், கேட்டுக்கொள். பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து எழுதாமலிருக்கத் தேர்வில் நாலு செட் கேள்வித்தாள் போடுவோமே, அதைத்தான் செய்தேன். சராசரியிடம் வேலையை விடப் போகிறேன் என்றேன். ஆமாம்சாமியிடம் கோர்ட்டுக்குப் போகிறேன் என்றேன். புதுசிடம் நீண்ட லீவு என்றேன். எது பூனையின் வாயிலிருந்து வருகிறதோ, அது எந்த பெஞ்சு என்று தெரிந்துவிடும் அல்லவா? நாலாவது செட்டை உனக்குப் போட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், உன்மேல் சந்தேகப்பட்டு இல்லை. ஒப்புக்குத்தான் போட்டேன். கிளைக்கு வரும் எண்ணமே எனக்குக் கிடையாது.

மூன்று செட்டும் போட்ட இடத்திலேயே இருக்கிறது. வெளியே வந்தது உன்னுடையது.

இத்தனை வருடம் ஒரே அறையில் உட்கார்ந்து, என் வாயிலிருந்து வந்ததையெல்லாம் எங்கே கொண்டுபோய்க் கொட்டினாய்? 'இங்கே ஆக வேண்டியதை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று எழுதினாயே, இதைத்தானா? அந்தப் பேராசிரியர் நாற்காலிக்காகவா? கீழ்த்தள வீட்டுக்காகவா? கேட்டிருந்தால் நானே பூனையின் காலில் விழுந்து வாங்கிக் கொடுத்திருப்பேனே, பாவி!

பதில் எழுதாதே. எழுதினாலும் எதை நம்புவது?


ஆகஸ்ட் 31

நெட்டச்சி,

எழுதாதே என்றாய். எழுதித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் இதில் வேலை சம்பந்தப்பட்டிருக்கிறது.

ஆமாம், பூனையிடம் சொன்னவள் நான்தான். யாரிடமும் மூச்சு விடாதே என்றாய், விட்டேன். அது என் தப்பு. காலியிடத்தை யாருக்குக் கொடுப்பது என்று அந்த வாரமே முடிவு செய்வதாக இருந்தார்கள். நீ நேரம் பார்த்து எழுதிக் கொடுப்பதற்குள் அது எனக்கு வந்துவிடும். பிறகு நீ வர இங்கே இடமே கிடையாது. ஒரே இடம்தான் என்று ஜூலையிலேயே உனக்கு எழுதியிருந்தேன். அந்தப் பத்தியை நீ படித்தாயா என்று இப்போது தெரியவில்லை.

அதனால் என் விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அந்த இடத்தை உனக்குக் கொடுங்கள் என்று, உனக்குத் தெரியாமல் அங்கே வந்து, பூனையின் அறைக்கே போய்க் கேட்டேன். "அவங்களுக்குத் 'திருப்தி'தானே வந்திருக்கு?" என்றார். பக்கத்து மேசையில் உட்கார்ந்து பார்த்தவள் நான், இவளைவிட நன்றாகப் பாடம் எடுப்பவர் இந்தத் துறையில் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். உன்னை அங்கிருந்து அனுப்ப அவருக்கும் கசக்கவில்லை. ஒத்துக்கொண்டார்.

கோபமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்படியில் போய் நின்று அழுதேன். குட்டி வந்து என்ன என்று கேட்டாள். பெரியம்மா வருகிறாள், அந்தச் சந்தோஷம் என்றேன். நீ என்னைத் திட்டியதைக்கூட விட்டுவிடுவேன். மூச்சு முட்டுகிறது என்று நீ எழுதியது பொய் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் அதற்காகத் தூங்காமல் இருந்தேனடி.

அம்மாவிடம் வீடு இல்லை என்று ஏற்கெனவே சொல்லிவிட்டேன். நாலு செட் சமாசாரத்தைச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

உன் மாற்றல் உத்தரவும் பதவி உயர்வும் நேற்றுக் கையெழுத்தாகிவிட்டன. இரண்டொரு நாளில் உன் கைக்கு வரும். வேண்டாம் என்று இனி நீயும் சொல்ல முடியாது, நானும் திரும்பக் கேட்க முடியாது. இங்கே நமக்கு ஒரே அறைதான் ஒதுக்கியிருக்கிறார்கள். இரண்டு மேசைக்கும் நடுவில் பீரோவை நகர்த்தி வைக்கச் சொல்லியிருக்கிறேன். காலை வகுப்புகளை உங்கள் பெயருக்கு மாற்றிவிட்டேன்.

வந்து சேருங்கள். வேலையைப் பற்றி ஏதாவது கேட்க வேண்டுமென்றால் கேளுங்கள், சொல்கிறேன்.

இப்படிக்கு,
இணைப் பேராசிரியர்,
புள்ளியியல் துறை, கிளை வளாகம்