எலுமிச்சை மூட்டில் நீலத் தண்ணீர்

புளியங்குடி
ஆடி 6

அன்பு மகன் மணிமுத்துவுக்கு உன் அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நடமாட்டமாகத்தான் இருக்கிறோம். நீ சுகமா என்று சும்மா கேட்டுவிட்டுப் போகிற கடிதம் இல்லை இது, எனக்குப் பதில் வேண்டும். போனில் கேட்டால் ஒண்ணுமில்லம்மா என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

குற்றாலத்தில் நல்ல சீசன், சாரல் இங்கே வரைக்கும் அடிக்கிறது, உன் தங்கச்சி வேல்விழிக்கு இன்னும் சளி விடவில்லை. போன மாதம் நம் எலுமிச்சையை வேலூர் பக்கம் ஏற்றிப்போன கமிஷன் கடை சிவசைலம் அண்ணாச்சி, திரும்பும்போது லாரி காலியாக வருவானேன் என்று தோல் பதப்படுத்துகிற ஷாப்பில் சீவிப்போட்ட தூளை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்தார். நல்ல எரு வே, இனாமாத் தாராங்க என்றார். இனாம் என்றால் உன் அப்பாவுக்குச் சொல்லவா வேண்டும், கிணற்றடி மரத்துக்கெல்லாம் மூட்டில், வேரைச் சுற்றிப் போட்டு மண்ணை மூடிவிட்டார். மழை பெய்ததும் மூட்டில் தண்ணீர் நீலமாக நின்றது மணி! இலை நுனியெல்லாம் கருகிவிட்டது. வேளாண்மை ஆபீசர் வந்து பார்த்துத் தலையில் கைவைத்துவிட்டார். தோலப் பதப்படுத்தப் போடுத குரோமியம்லா இது, கையில பட்டா புண்ணாக்கும், தூசியா மூச்சுல போனா நெஞ்சுக்கு ஆவாது, தண்ணியச் சோதிக்குத வரைக்கும் இந்தக் கிணத்துல குடிக்காதிய என்றார். அப்பா எல்லாவற்றையும் தோண்டி அள்ளி மூட்டை கட்டினால், அண்ணாச்சி கூசாமல் சொல்கிறார், ஆத்துல தட்டிருவோம் வே என்று. அப்பா அடிக்கவே போய்விட்டார்.

மரம் போனால் வேறு வைக்கலாம். அந்த நீலத்தை நான் முன்னாலேயே பார்த்திருக்கிறேன், அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. பொங்கலுக்கு வந்தபோது உன் வேலை பேண்ட்டை நனைத்தேனே, வாளியில் அதே நீலம்தான் இறங்கியது. சாயம்மா என்று சொன்னாய், நம்பிவிட்டேன். எப்போதும் கையால் அள்ளித் தின்கிற பிள்ளை அன்றைக்குப் புளிக்குழம்புச் சோற்றை ஸ்பூனில் சாப்பிட்டாய். வாணியம்பாடி போய்த் துரையாகிட்டியாலே என்று நாங்கள் எல்லாரும் சிரித்தோம். நீயும் சிரித்தாயே மணி, பாவி.

கையுறையும் முகமூடியும் தராத தோல் ஷாப் எவ்வளவு சம்பளம் தந்தாலும் நமக்கு வேண்டாம். அப்பாவும் அதையேதான் சொல்கிறார். இலஞ்சிக் குமாரர் உன் கூடவே இருந்து காக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் முகத்தைக் காட்ட வேண்டாம், இரண்டு கையையும் விரித்துக் காட்டு.

உன் அம்மா,
பேச்சித்தாய்