கொல்லை எருக்கின் போட்டோ

தாயுமானவர் துணை

அன்புள்ள குழலிக்கு அப்பா எழுதுவது. இங்கே ஸ்ரீரங்கத்தில் நாங்கள் சுகம், அம்மா என்னைவிட ஒரு படி கூடுதல் சுகம், என்னைத் திட்ட இந்த வாரம் புதிதாக ஒன்று கிடைத்திருக்கிறது. டொரண்டோ குளிரில் நீயும் மாப்பிள்ளையும் உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருக்கவேண்டும்.

செவ்வாய்க்கிழமை உன் அப்பனைக் கைலாசபுரத்தில் செக்யூரிட்டிக்காரர் பிடித்துவிட்டார். முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்த இடம். நாம் இருந்த குவார்ட்டர்ஸ் பக்கத்து ரோட்டோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். "பெரியவரே, இங்கெல்லாம் ஒதுங்கக் கூடாது, எந்திரிங்க" என்றார். போட்டோ எடுக்கிறேன் என்று போனைக் காட்டினால், "எருக்கஞ்செடியவா?" என்று சிரிக்கிறார். பேர் அன்புச்செல்வனாம்.

நீ போனில் கேட்டாயே, குவார்ட்டர்ஸில் நம் கொல்லை எருக்கு மறுபடி துளிர்த்ததா, ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், எருக்கைப் பற்றி நான் ஆடும் நாட்டியத்தன்று மேடையில் பின்னால் பெரிதாகப் போடவேண்டும் என்று. நானும் வாய் கூசாமல் "ஜம்முனு நிக்குதும்மா" என்றேன். அனுப்பிய படத்தில் இருப்பது அந்த ரோட்டோரச் செடி. அம்மாவுக்குத் தெரிந்ததும், "அவ செடியைக் கும்பிட்டு ஆடப் போறா, நீங்க ஆள்மாறாட்டம் பண்ணி அனுப்பியிருக்கீங்களே" என்று பிடித்துக்கொண்டாள். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம்.

நம் செடி துளிர்க்கவில்லை. புல் வெட்டுகிறவர்கள் வெட்டிவிட்டார்கள், வேர் இருக்கிறது என்று அப்போது நான் சொன்னதும் பொய். செடியைப் பிடுங்கியவன் நான்தான். நீ சென்னை ஹாஸ்டலில் இருந்தபோது தொட்டியத்திலிருந்து உனக்குச் சம்பந்தம் பேச வந்தார்கள். வீட்டில் எருக்கு நின்றால் குடும்பம் விளங்காது என்று அவர்கள் நினைத்துவிட்டால் என்ன செய்வது என்று எனக்குப் பயம். விடிந்ததும் கடப்பாரையால் வேரோடு பெயர்த்தேன், பால் தெறித்து ஒரு நல்ல சட்டை போனது. வந்தவர்கள் கொல்லைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கேசரி சாப்பிட்டுவிட்டுப் போனவர்கள்தான், இன்றுவரை பதில் இல்லை. உன் அப்பன் புத்திசாலித்தனம் அவ்வளவுதான். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிள்ளையார் சதுர்த்திக்கு மாலை கட்டப் பூ எடுக்கும்போதுகூட செடியைத் தொட்டு, "பிள்ளையாருக்குத்தான், கோவிச்சுக்காதே" என்று சொல்லிவிட்டுத்தானே பறிப்பாள். விளக்கு வைத்த பிறகு, அது தூங்குகிறது என்று நம்மைக் கிட்டேயே விடமாட்டாள். நீ அனுப்பிய ஒத்திகை வீடியோவில் நாட்டியம் அந்தத் தொடுதலில்தான் ஆரம்பிக்கிறது. குனிந்து, கையை நீட்டி, கேட்டுவிட்டு அப்புறம் தொடுகிறாய். நான் கேட்கவில்லை, அந்தச் செடியையும் கேட்கவில்லை, உன்னையும் கேட்கவில்லை. அம்மா பார்த்து அழுதாள், நான் மோட்டார் போடுகிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

படத்தைப் போடுவதா வேண்டாமா என்று நீயே முடிவு செய். கோபம் இருந்தால் இரண்டு நாள் வைத்துக்கொள், அதற்கு மேல் வேண்டாம். ரோட்டோரச் செடியின் மேல் குற்றம் இல்லை, யாரும் தண்ணீர் ஊற்றாமல் கொத்துக் கொத்தாகப் பூத்திருக்கிறது. முழங்காலுக்கு ராத்திரி நல்லெண்ணெய் தேய்த்துக்கொள், வெறும் வயிற்றில் ஆடாதே. நீயும் மாப்பிள்ளையும் எல்லா நலமும் பெற்று நீண்ட நாள் வாழ எங்கள் ஆசீர்வாதம். நிகழ்ச்சி இங்கே எத்தனை மணிக்குத் தெரியும் என்று மறக்காமல் எழுது.

ஏழு வயதில் நீ கொல்லையில் ஆடுவாய், எருக்கங்காய் வெடித்துப் பஞ்சு பறக்க, நீயும் கையை விரித்துக்கொண்டு பின்னாலேயே சுற்றுவாய். ஷிப்ட் முடிந்து வருகிற நான், சத்தம் கேட்டால் நிறுத்திவிடுவாய் என்று சைக்கிளைப் பிடித்தபடி மதிலுக்கு வெளியிலேயே நிற்பேன். அப்புறம் உள்ளே வந்து ஹோம்வொர்க் முடித்தாயா என்பேன். இன்னொரு தரம் ஆடிக் காட்டும்மா என்று கேட்க வாய்வரைக்கும் வரும். ஒரு நாளும் கேட்டதில்லை.

உன் அப்பா,
மாத்ருபூதம்