பாறையைச் சுற்றும் ஓடை

மார்ச் 3
இந்த ஓடையை வரைந்த மகராசன் மட்டும் என் கையில் கிடைக்கட்டும்! வரைபடத்தில் குன்றடியிலிருந்து குளம் வரை ஒரே நேர்கோடு. ஓடை என்ன தண்டவாளமா? நேரில் பார்த்தால் குன்றடி ஊற்றிலிருந்து இறங்கி, சிறுபாலத்துக்கு அடியில் புகுந்து, முள்காட்டுக்குள் போனதும் வடக்கே திரும்பிவிடுகிறது. கையெல்லாம் கீறல். டேப் பிடிக்கும் ‘முழம்’ அண்ணன் கேட்கிறார்: “காஞ்சு கிடக்கிற ஓடைக்கு எதுக்கும்மா இவ்வளவு மல்லுக்கட்டு?”

புது வரைபடம் மாதக் கடைசிக்குள் வேண்டுமாம். நான் சர்வேயரா, மந்திரவாதியா?

மார்ச் 5
முள்காட்டைத் தாண்டியாயிற்று. தாண்டாமலே இருந்திருக்கலாம். ஓடை பெரிய பாறையில் முட்டி, வளைந்து, அக்கா வீடு கட்ட வாங்கிய மனைக்குள்ளேயே போகிறது. விற்றவர் மண் கொட்டிச் சமப்படுத்தியதில் தடம் தெரியவில்லை. ஆனால் மட்டம் பார்த்தால் பள்ளம் அங்கேதான்.

வரைபடத்தில் ஓடை இருநூறு அடி தள்ளி இருக்கிறது. அதைப் பார்த்து, “தைரியமா வாங்குக்கா” என்றவளும் நான்தான். பத்தாம் தேதி அஸ்திவாரம் தோண்டுகிறார்கள்.

மார்ச் 6
அக்காவிடம் சொன்னேன். “மேப்புலயே எங்க மனையில இல்லாத ஓடை உன் கண்ணுக்கு மட்டும் எப்படிடி தெரியுது?” அத்தான் எழுந்து உள்ளே போய்விட்டார்.

மேலதிகாரி: “பழைய கோட்டையே போட்டுடும்மா. கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாயிடும்.”

எல்லாருக்கும் நான் இளக்காரம். நாளைக்கு அந்த மகராசன் பெயரைக் கண்டுபிடிக்காமல் விடமாட்டேன்.

மார்ச் 7
ஆவண அறையில் மூலப்படத்தை எடுத்தேன். கீழே கையெழுத்து.

மகராசன் இல்லை, மகராசி. நான்.

இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. வேலைக்குச் சேர்ந்த முதல் மாசம். முள்ளுக்குப் பயந்து, சிறுபாலத்து மேல உட்கார்ந்தே ஸ்கேல் வச்சுக் கோடு இழுத்தேன். அப்புறம் எத்தனையோ ஊர், எத்தனையோ படம் — இது சுத்தமா மறந்தே போச்சு. சே! நாலு நாளா என்னைத்தானா திட்டினேன்?

பழைய கோட்டையே போட்டால் என் தப்பும் வெளியே வராது, அக்கா வீடும் எழும்பும். ஒருத்தரும் கேட்கப் போறதில்லை. அதுதான் பயமா இருக்கு.

மார்ச் 8
வளைவோடு வரைந்தேன். பழைய கோடு என் பிழை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 10
அக்கா வீட்டு அனுமதி ரத்து. எனக்கு விளக்கம் கேட்டு மெமோ. அக்கா போனை எடுக்கவில்லை.

ஏப்ரல் 2
இன்றும் எடுக்கவில்லை. நல்லது செய்தேனா, கெடுத்தேனா?

ஜூன் 19
நேற்று முழுக்க மழை. காலையில் அக்காவே கூப்பிட்டாள். பேச்சுக்குப் பின்னால் தண்ணீர்ச் சத்தம்.

“வீட்டுக்கு அடிச்ச முளைக்குச்சி எல்லாம் முழுகிப்போச்சு.”

நான் வரைபட நகலை எடுத்து விரித்தேன்.

“ஆனா நீ வரைஞ்சதும் தப்புடி. பாறைக்கு இந்தப் பக்கமா இன்னொரு கிளை பிரிஞ்சு ஓடுது. நேர்ல நின்னு பாத்துட்டிருக்கேன். வந்து ஒழுங்கா அளந்துட்டுப் போ.”

ஐயோ, மறுபடியுமா! முழம் அண்ணன் வேறு இன்றைக்கு லீவு.

டேப்பின் மறுமுனையை அக்காவே பிடிக்கிறாளாம்.